ஆரோக்கியம் கடைசியாகச் சொன்னது

அந்த ஆள் என் கடை வாசலில் வந்து நின்றபோது லாரியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தெருவெல்லாம் சருகு பறந்தது. கறுத்த உடம்பு, அகன்ற தோள். சட்டையைக் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். வெயிலில் வெகுநேரம் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

எங்கள் பகுதியில் யார் இந்தியில் வழி கேட்டாலும் என் மண்டிக்கு அனுப்பிவிடுவார்கள். நாசிக்கிலிருந்து வரும் லாரி டிரைவர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே நான் கற்றுக்கொண்ட இந்தி அது. இலக்கணம் பார்க்காது. வேலையை முடிக்கும்.

ஆரோக்கியத்தின் வீடு எங்கே என்று அவர் கேட்டார்.

ராயபுரத்தில் கோயிலுக்கு இந்தப் பக்கம் மட்டும் எத்தனையோ ஆரோக்கியங்கள். எந்த ஆரோக்கியம் என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் ஒரு முட்டை வடிவப் பந்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டினார்.

அப்போதுதான் அவருடைய காதைக் கவனித்தேன். கசக்கி விட்ட மாதிரி மடல் தடித்துச் சுருங்கியிருந்தது. ரக்பியில் முன்வரிசையில் தலையை முட்டி முட்டி ஆடுகிறவர்களுக்குக் காது அப்படித்தான் ஆகும். என் இடது காதும் பாதி அப்படித்தான்.

பெயர் சுக்ரா என்றார். ஒடிசாவின் மலைப்பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஆரோக்கியத்தோடு ஒரே அணியில் ஆடியவர், ஒரே லாரியில் போனவர். அவன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அவன் போன அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது தான்தான் என்றும் சொன்னார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். டீ சொன்னேன். உடனே அழைத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஆரோக்கியத்தைப் புதைத்துச் சில ஆண்டுகள் ஆகியும், அந்த வீட்டில் அவன் இன்னும் சாகவில்லை.

கப்பலில் வந்த ஆட்டம்

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போயாக வேண்டும். வடசென்னையில் ஏது ரக்பி என்று கேட்பவர்கள் உண்டு. மற்ற இடங்களுக்கு எப்படி வந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு அது கப்பலில் வந்தது.

நானும் ஆரோக்கியமும் பள்ளிக்கூடத்தை விட்ட சமயம். ஏதோ இயந்திரக் கோளாறில் ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்றுவிட்டது. மாலுமிகளில் பாதிப் பேர் பசிபிக் தீவுக்காரர்கள். ஒவ்வொருவரும் பீரோ மாதிரி இருந்தார்கள். கப்பலுக்குள்ளேயே அடைந்து கிடந்து அவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது, ஓர் ஆட்டம் ஆடினால் தேவலாம் என்கிறார்கள், பதினைந்து பையன்கள் வேண்டும் என்று மாலுமிகளைக் கவனித்துக்கொண்ட பாதிரியார் பூசை முடிந்ததும் அறிவித்தார்.

ஃபுட்பால் என்று நினைத்துத்தான் போனோம். எங்கள் பக்கம் ஃபுட்பாலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

ரயில்வே லைனுக்கு அப்பால் ஒரு மைதானம். புல் கிடையாது. கரித்தூளும் மண்ணும் கலந்த தரை, விழுந்து எழுந்தால் முழங்கால் கறுத்துவிடும். அவர்கள் பந்தை எடுத்துக் காட்டியபோது எங்களில் ஒருவன், இது நசுங்கிப் போயிருக்கிறது, வேறு பந்து கொண்டு வரட்டுமா என்று கேட்டான்.

பாதிரியார் விதிகளைச் சொன்னார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். வருகிறவனை இடுப்போடு கட்டிப் பிடித்துத் தள்ளலாம். ஆனால் பந்தை முன்னால் மட்டும் வீசக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். முன்னால் போவதற்காக ஆடுகிற ஆட்டத்தில் பின்னால் வீசு என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் பாதி முழுக்க நாங்கள் தரையில்தான் கிடந்தோம்.

ஆரோக்கியம் அப்போது காசிமேட்டில் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். ஐஸ் நிரப்பிய பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிவிடுவான். அதனால் அவனுக்குக் 'கிரேன்' என்று பேர். ஆள் குள்ளம். கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது.

இரண்டாம் பாதியில் அந்தத் தீவுக்காரர்களிலேயே பெரிய ஆள் பந்தோடு ஓடி வந்தார். நாங்களெல்லாம் மரியாதையாக வழிவிட்டு நின்றோம். ஆரோக்கியம் விடவில்லை. முழங்காலை மடக்கி, அவருடைய இடுப்பில் தோளைக் கொடுத்து, மீன் பெட்டியைத் தூக்குவது போல ஆளை அப்படியே தூக்கிவிட்டான். தூக்கியவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் அவர் தொங்கிக்கொண்டிருக்க, பாதிரியார் பக்கம் திரும்பி, "ஃபாதர், இவர எங்க வெக்கிறது?" என்று கேட்டான்.

மாலுமிகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். இறக்கிவிட்டதும் அந்தப் பெரிய ஆள் ஆரோக்கியத்தின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு சற்று நேரம் நின்றார். கப்பல் கிளம்பும்வரை சாயங்காலம்தோறும் ஆடினோம். போகிறபோது பந்தை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

முன்வரிசை

அந்த ஒரு பந்தைச் சுற்றி ஓர் அணி சேர்ந்துவிட்டது. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்கள் வீட்டுப் பையன்கள் வந்தார்கள். வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். எண்ணூர் பக்கம் கம்பெனியில் ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் ஓடி வருகிறவர்களும் இருந்தார்கள். கடைக்காரன் பிள்ளை என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மண்டி வைத்தவர். வியாபாரத்தில் உட்கார வேண்டிய பிள்ளை மண்ணில் புரண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவதை அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. "நீ என்னல, ஆட்டுக்கடாவா? முட்டப் போறேன் முட்டப் போறேன்னு போற?" என்பார்.

முட்டுவது உண்மைதான். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. ஓர் அணியின் எட்டுப் பேர் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, எதிரணியின் எட்டுப் பேரைத் தோளோடு தோள் முட்டித் தள்ள வேண்டும். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் நான், எனக்கு வலப்பக்கம் ஆரோக்கியம்.

நடுவில் இருப்பவனின் இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் மேல் மாட்டிக்கொண்டிருக்கும். சரிந்து விழுந்தால் ஊன்றுவதற்குக் கை கிடையாது. பக்கத்தில் இருப்பவன் தாங்கினால்தான் கழுத்து மிஞ்சும். எத்தனையோ வருடம் என் கழுத்து ஆரோக்கியத்தின் பொறுப்பில்தான் இருந்தது.

அவன் மேல் மீன் வாசனை, என் மேல் வெங்காய வாசனை. நகரத்து கிளப் பையன்கள் எங்களோடு முட்ட வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பாதி ஆட்டம் இதுலயே கெலிச்சாச்சு மாமு" என்பான் ஆரோக்கியம்.

அவன் அம்மா மதலேனம்மா. மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவர். அப்பா அவனுடைய சின்ன வயதிலேயே காலமாகிவிட்டார். ஒரே பிள்ளை. ஆட்டத்தில் உதடு கிழிந்து வந்தாலும் விரல் பிசகி வந்தாலும் அவர் பதறியதில்லை. மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, "பந்த கட்டிப் புச்சிக்கினு ஓடறது ஒரு ஆட்டமா? பந்து இன்னா கொயந்தையா?" என்று மட்டும் கேட்பார்.

ஐஸ் பெட்டி

பட்டாளத்து அணி ஒன்று சென்னைக்கு ஆட வந்தது. எங்களை அவர்கள் தோற்கடித்த விதத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய பயிற்சியாளர் நேராக ஆரோக்கியத்திடம் வந்தார். ஆள் சேர்ப்பு நடக்கும்போது வா, ஓட்டத்தில் மட்டும் தேறிவிடு, மற்றது உன் தோள் பார்த்துக்கொள்ளும் என்றார்.

மூன்று வேளை முட்டை, காலுக்கு அளவான பூட்ஸ், வருடம் முழுக்க ஆட்டம். ஆரோக்கியத்துக்கு இது போதும். தேர்வாகி, சேர வேண்டிய நாள் தெரிந்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னான்.

மதலேனம்மா அன்று கூடையை எடுக்கவே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவன் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினான். பட்டாளத்தில் ஆட்டம்தான் ஆடப்போகிறேன், துப்பாக்கி சும்மா தோளில் மாட்டிக்கொள்ளக் கொடுப்பது என்றான். அவன் சொன்னதில் முக்கால்வாசி நிஜமாகவே ஆயிற்று. அவனை லாரி டிரைவராகப் போட்டார்கள். ஓட்டாத நேரத்தில் படைப்பிரிவின் அணிக்கு ஆடினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு ஃபோன் வரும். அம்மா பேசி முடித்ததும் எனக்கு வரும். மலைமேல் போட்டபோது, "ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்தா மாரி கீது மாமு. மீனு மட்டுந்தான் இல்ல" என்றான். அங்கே ஒருத்தன் கிடைத்திருக்கிறான், நம்ம ஊரில் பிறந்திருக்க வேண்டியவன், முன்வரிசையில் என் பக்கத்தில் நிற்கிறான் என்றும் ஒருநாள் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

லீவில் வரும்போது வால்நட்டும் குங்குமப்பூவும் கொண்டு வருவான். குங்குமப்பூவை என்ன செய்வதென்று தெரியாமல் மதலேனம்மா அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். திருவொற்றியூரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடையில் எல்லையில் சண்டை மூண்டது.

மூடிய பெட்டி

அந்த நாட்களை நீட்ட மாட்டேன். ஃபோன் வரவில்லை. மதலேனம்மா டி.வி. பார்க்க என் கடைக்கு வருவார். செய்தி வாசிப்பவர் சொல்வதைக் கேட்க மாட்டார், திரையில் ஓடும் லாரிகளை மட்டும் உற்றுப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் பட்டாளத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பின்னாலேயே பெட்டியும் வந்தது. பீரங்கிக் குண்டு விழுந்ததாகவும், கணநேரத்தில் உயிர் போய்விட்டதாகவும், வலியே தெரிந்திருக்காது என்றும் அவர் சொன்னார். தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்ன வார்த்தை அது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

ஊரே திரண்டது. காசிமேட்டில் அன்று படகு போகவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். கொடியை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள். எங்கள் அணிக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம்.

மறுநாளே தெருமுனையில் பெரிய பேனர் முளைத்தது. வேறு யாரோ ஒருவருடைய உடம்பில் ஆரோக்கியத்தின் தலையை ஒட்டியிருந்தார்கள். கையில் இயந்திரத் துப்பாக்கி, பின்னால் தீ. அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர் அவன் தனியாளாக நின்று ஒரு படையையே சுட்டு வீழ்த்தினான் என்றார். கைதட்டினார்கள். அவன் ரேஷன் லாரி ஓட்டியவன் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் யார் எழுந்து சொல்வது?

மதலேனம்மா பேனருக்குக் கீழே நெடுநேரம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "இது யாரு நைனா?"

திறக்காத பெட்டியும் அந்த உடம்பும் அவர் மனதில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன என்று நினைக்கிறேன். சில வாரம் கழித்து, மீனை வெட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். பெட்டியில் வந்தது தன் பிள்ளை இல்லை, வேறு எவள் பெற்றதோ. தன் பிள்ளை எங்கேயோ வழி தெரியாமல் கிடக்கிறான், வருவான்.

அதற்குப் பிறகு அவரோடு யாரும் வாதாடவில்லை. அவனுடைய சட்டைகளைத் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தார். நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். தெருவே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போகும். அவர் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். மரித்தவர்கள் பூசையில் அவன் பெயரை வாசிக்கக் கூடாது என்று பங்குத் தந்தையிடமே சொல்லிவிட்டார். விட்டுப் பிடிக்கலாம் என்று அவரும் இருந்துவிட்டார்.

இந்த வீட்டுக்குத்தான் சுக்ராவை நான் அழைத்துப் போக வேண்டும்.

நடுவில் நான்

டீ குடித்து முடிக்கும்வரை எல்லாவற்றையும் சுக்ராவிடம் சொன்னேன். அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் திரும்பிப் போக முடியாது, ஒவ்வொரு லீவிலும் இங்கே வரக் கிளம்பிக் கிளம்பிப் பாதியில் இறங்கிவிட்டேன், இந்தத் தடவைதான் வந்து சேர்ந்தேன் என்றார்.

குடியிருப்பின் இரண்டாவது மாடி. மதலேனம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சுக்ரா குனிந்து அவர் காலைத் தொட்டார். பட்டாளத்துக்காரர், ஆரோக்கியத்தோடு இருந்தவர் என்று சொன்னேன். மதலேனம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம்.

"என் புள்ள எங்க கீறான்னு கேளு" என்றார்.

அதை அப்படியே இந்தியில் கேட்டேன். சுக்ரா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

இருவரும் ரேஷன் லாரியைக் காவல் அரண்வரை ஓட்டிப் போயிருக்கிறார்கள். மத்தியானம், மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. சுக்ராவுக்குக் கையில் காயம். ஆரோக்கியத்துக்கு வயிற்றில். சுக்ரா அவனை ஒரு கல்சுவருக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். குண்டு விழுவது நிற்கவில்லை. மேலே இருப்பவர்கள் இறங்க முடியவில்லை, கீழே இருப்பவர்கள் ஏற முடியவில்லை. பொழுது சாயும்வரை அவன் உயிரோடு இருந்தான். நினைவோடு இருந்தான்.

குண்டு விழுந்தது, கல்சுவர், அதுவரை சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன். கணநேரத்தில் போய்விட்டது என்று கேட்டு வைத்திருக்கும் தாயிடம் பொழுது சாயும்வரை என்று எப்படிச் சொல்வது?

மதலேனம்மா என் முகத்தையே பார்த்தார். "அவரு அவ்ளோ பேசனாரு. நீ இத்தினூண்டு சொல்ற."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"முழுசா சொல்லு நைனா. எல்லாரும் பாதி பாதியா சொல்லித்தான் நான் இப்டி கீறேன்."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அடுத்தது சொல்லத்தான் சுக்ரா வந்திருந்தார். ஆரோக்கியம் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சுக்ராவின் இடுப்பிலேயே தண்ணீர் பாட்டில் இருந்தது. வயிற்றில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் துணியை நனைத்து உதட்டில் ஒற்றியதோடு சரி. ஸ்ட்ரெச்சர் வந்தபோது ஆரோக்கியம் போய்விட்டிருந்தான். பாட்டில் அப்படியே நிறைய இருந்தது.

கடைசியில் அவனுக்கு இந்தி போய்விட்டது என்றார் சுக்ரா. தமிழில்தான் பேசினான். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான், என்னைத் தள்ளித் தள்ளிச் சொன்னான், கோபமாகச் சொன்னான். தண்ணீர் தராததற்காகச் சபிக்கிறான் என்று தெரிந்துகொண்டேன் என்றார்.

பட்டாளத்தில் தமிழ் ஆட்கள் இல்லையா, அவர்களிடம் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்கப் பயமாக இருந்தது என்றார். சாபமாக இருந்தால் அதை அவனுடைய அம்மாவின் வாயால் கேட்டுக்கொள்வதுதான் முறை என்று தோன்றியதாம். மறந்துவிடக் கூடாது என்று தினமும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாராம்.

பிறகு அதைச் சொன்னார். "குன்ஜிகோ. குன்ஜிகோ மாமு."

எனக்குப் புரியவில்லை. கொஞ்சிக்கோ என்பதா, குஞ்சு என்பதா என்று தடவிக்கொண்டிருந்தேன்.

மதலேனம்மாவின் தலை நிமிர்ந்தது. "இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

சுக்ரா சொன்னார்.

"குனிஞ்சிக்கோ மாமு" என்றார் மதலேனம்மா. "குனிஞ்சிக்கோ. அதான் சொல்லிகீறான்."

குண்டு விழுந்துகொண்டிருந்த இடத்தில், பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவனைக் குனியச் சொல்லித் தள்ளியிருக்கிறான். என் வெங்காய மண்டி இந்தியில் இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. ஆனால் சுக்ராவுக்குப் புரிந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய தோள் குலுங்கிற்று.

மதலேனம்மா மெதுவாக, "என் புள்ளதான்" என்றார். "கண்டவனயெல்லாம் மாமுன்னு கூப்புடறது அவன்தான். அவன்தான் பூட்டான்."

அப்புறம்தான் அழுதார். பெட்டி வந்த அன்றுகூட அழாதவர். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரையும் கிட்டே வர விடவில்லை. நானும் சுக்ராவும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எங்களைப் போகச் சொல்லவில்லை.

அழுகை ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "இவன் குனிஞ்சானான்னு கேளு" என்றார்.

சுக்ரா இல்லை என்று தலையாட்டினார். பனியில் பட்ட வெயில் ஆரோக்கியத்தின் கண்ணில் அடித்தது, மறைப்பதற்காகத்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்றார்.

"சொல் பேச்சு கேக்காததுங்க ரெண்டும் ஒண்ணா சேந்துகீது" என்றார் மதலேனம்மா. அழுத முகத்தில் சிரிப்பு வந்தது. ஆரோக்கியம் பட்டாளம் போனதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டார். டாக்டர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள் என்றார் சுக்ரா.

"அப்பறம் அத்த ஏன் தூக்கிக்கினு திரியற? எறக்கி வையி. போயி மூஞ்சி கழுவிக்கினு வா, சாப்புடலாம்."

அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பு. சுக்ரா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அங்கே ஆரோக்கியம் ரொட்டி சாப்பிட்டானா, குளிருக்கு என்ன போர்த்திக்கொண்டான், யாரோடு சண்டை போட்டான் என்று மதலேனம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சாப்பிட வாயைத் திறக்க முடியவில்லை. இருவருக்கும் நடுவில் பேசியே என் சோறு ஆறிப்போயிற்று.

எந்த இடம்

சுக்ரா லீவு முடியும்வரை மதலேனம்மா வீட்டிலேயே தங்கினார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய ஆட்களைச் சேர்த்து மைதானத்தில் ஆடினோம். எல்லோருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. சுக்ரா ஆரோக்கியத்தின் இடத்தில் நின்றார்.

மதலேனம்மாவும் வந்திருந்தார். இந்த ஆட்டத்தை அவர் பார்த்தது அன்றுதான். ஸ்க்ரம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நான் ஓரத்துக்கு வந்ததும், தன் மகன் எங்கே நிற்பான் என்று கேட்டார். சுக்ரா நிற்கும் இடத்தைக் காட்டினேன்.

"அப்ப அவன் மூஞ்சியே வெளிய தெரியாதே."

"தெரியாதும்மா. பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

ஆட்டம் முடியும்வரை, வெயில் தாழ்ந்து கரித்தரை மின்னுகிறவரை, அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நவம்பரில் அவர் கல்லறைக்கு வந்தார். முதல் நாளே போய்ப் புல்லைப் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்திருந்தார். சாமந்தியை வரிசையாக வைத்தார். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. நானும் அவரும் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ஏற்றினோம்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ஓர் அம்மாள் சிலுவையில் பெயரைப் படித்துவிட்டு அருகே வந்தாள். பேனரில் போட்டிருந்தார்களே, துப்பாக்கியோடு, அத்தனை பேரைச் சுட்டவர், அவர்தானே என்று பயபக்தியோடு கேட்டாள்.

"அது எவனோ" என்றார் மதலேனம்மா. "என் புள்ள லாரி ஓட்டனான். சாவறப்ப பக்கத்துல ஒருத்தன் இருந்தான். அவன குனிய சொல்லிகீறான்."

பக்கத்தில் இருந்த அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"நல்லா கீறான். தை மாசம் அவனுக்குக் கண்ணாலம்" என்றார் மதலேனம்மா, மெழுகுவர்த்தியிலிருந்து கையை எடுக்காமல். "நான்தான் போயி நிக்கணும்."